விளையாட்டரங்கமா, சாக்கடையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தெருவில் சாக்கடை வழிகிறது. இந்த லட்சணத்தில் விளையாட்டரங்கத்துக்குக் கோடியா? அந்தப் பணத்தைப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பினால் என்ன? – காரைக்குடி வாசகர்

பதில்: பெரும்பாலும் திருப்ப முடியாது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்த 3 கோடி ரூபாய், விளையாட்டுக்கென்றே ஒதுக்கியது. வேண்டாம் என்றால் வேறு ஊருக்குப் போகும். உங்கள் தெருவுக்கு வராது. சாக்கடைக்கான வழி வேறு. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் காரைக்குடி அளவு ஊர்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கு மட்டுமே. அதைத் தொட்டுக் கேலரி கட்டவும் முடியாது.

நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியது பராமரிப்புச் செலவுக்காக. ரிப்பன் வெட்டிய மறுநாளே காவலாளி சம்பளமும் கரண்ட் பில்லும் தொடங்கிவிடும். அவை உள்ளாட்சியின் பொது நிதியில் விழுந்தால், தெருவிளக்கோடும் வாய்க்கால் தூர்வாருவதோடும் நேராகப் போட்டி. ஆண்டுக்குக் கட்டுமானச் செலவில் 2 முதல் 4 சதவீதம் என்பது கைக்கணக்கு. 3 கோடிக்கு 6 லட்சத்திலிருந்து 12 லட்சம். எஸ்டிமேட்டில் ஒரே ஒரு காவலாளியைப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று ஷிப்ட், வார விடுப்பு எல்லாம் சேர்த்தால் நான்கு பேர் வேண்டும். உயரழுத்த இணைப்பு வாங்கி கோபுர விளக்கு போட்டால், ஒரு நாள்கூட எரியாத மாதத்துக்கும் நிலைக்கட்டணம் உண்டு.

கேள்வி: புல்தரை நல்லதா, செம்மண் தரை போதுமா? சிந்தெடிக் டிராக் எத்தனை வருடம் உழைக்கும்? – தேவகோட்டை வாசகர்

பதில்: முதலில் தண்ணீர்க் கணக்கு. கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் காட்டினாலே 35,700 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரியில் மூன்று நடை. தலைக்கு 135 லிட்டர் என்று பார்த்தால் 264 பேரின் ஒருநாள் தண்ணீர். காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றைக் கும்பிட்டுக் குடிக்கிற வட்டாரத்தில் இதை யோசிக்காமல் புல் போடுவது அடாவடி. சுத்திகரித்த கழிவுநீர் குழாயில் வந்தால் மட்டும் புல்லுக்குப் போங்கள். இல்லையென்றால் நம் செம்மண்ணையே சலித்து, நனைத்து, ரோலர் ஓட்டி இறுக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு 100-க்கு 1 வாட்டம் கொடுத்தால் போதும். கபடிக்கு 13-க்கு 10 மீட்டர், வாலிபாலுக்கு 18-க்கு 9 மீட்டர். தினமும் பிள்ளைகள் வந்து ஆடப்போவது இவற்றில்தான்.

சிந்தெடிக் ஓடுதளம் எட்டிலிருந்து பத்து வருடம் தாங்கும். பிறகு மேல்தளத்தை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவில் எட்டில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுத்து வைக்காத ஊரில் ஒன்பதாம் வருடம் கிழிசலில்தான் ஓடுவார்கள். அதற்கு முன்பே கெட்டால் கோளாறு பெரும்பாலும் அடியில் இருக்கும். தார்த்தளம் போட்ட சூட்டோடு, ஆறவிடாமல், ஈரம் வற்றாமல் மேலே ரப்பரை ஊற்றினால் கொப்புளம் கிளம்பும். இரண்டு மூன்று வாரமாவது விட வேண்டும். திறப்புவிழாத் தேதியை முன்னாலேயே குறித்துவிட்டால் யார் விடுவார்கள்? ரப்பர் ஊற்றுமுன் தார்த்தளத்தில் லாரித் தண்ணீரை அடித்துவிட்டு அரைமணி கழித்துப் போய்ப் பாருங்கள். தேங்கிய இடத்தில் 5 ரூபாய்க் காசை வைத்தால், காசு முழுகக் கூடாது. முழுகினால் அந்தப் பள்ளத்தைச் சரிசெய்யாமல் பில் பாஸ் ஆகக் கூடாது.

கேள்வி: பெரிய அரங்கம் வந்தால் வியாபாரம் பெருகாதா? – பள்ளத்தூர் வாசகர்

பதில்: அமெரிக்காவில் பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் பெரிய பலன் தென்படவில்லை. சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போகும் காசே அரங்க வாசலுக்கு இடம் மாறுகிறது. கனடாவின் மாண்ட்ரியலில் 1976 ஒலிம்பிக் அரங்கத்தின் கடன் 2006-ல்தான் அடைந்து முடிந்தது. இங்கே சிராவயல் மஞ்சுவிரட்டைப் பாருங்கள்: வெறும் பொட்டலில், ஆங்காங்கே அவிழ்த்துவிடும் கட்டுமாடும் தொழுவிலிருந்து விடும் தொழுமாடுமாக நடக்கிறது, கூட்டத்துக்குக் குறைவில்லை.

கேள்வி: கண்மாய்க்குள் மைதானம் அமைக்கலாமா? வறண்டுதானே கிடக்கிறது! – கோட்டையூர் வாசகர்

பதில்: கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்ப வரும்; அப்போது ஓடுதளமும் போகும், பாசனமும் போகும். ஏரி, கண்மாய்களைக் காக்க 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் தரத் தயார். எப்படிச் செய்வது? – காரைக்குடி வாசகர்

பதில்: நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். கேலரிக்குக் கொடுக்காதீர்கள், கல்வெட்டில் பேர் வருமே தவிர, வருடத்தில் சில நாள்தான் அதில் ஆள் உட்காரும். பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை, உடைமாற்றும் அறை, சுற்றுவேலி என்று கேட்டுக் கொடுங்கள்.

பணம் தருமுன் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. நிலத்தின் சர்வே எண்ணும் அதன் வகைப்பாடும், தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீடு, கட்டி முடித்ததும் எந்தத் துறையிடம் ஒப்படைப்பு, பராமரிப்புக்கு எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு என நகலாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் மழுப்பலாகப் பதில் வந்தால், அந்தத் தாளோடு உங்கள் வார்டின் பகுதி சபாக் கூட்டத்துக்குப் போய், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதுவரை காசோலையில் கையெழுத்து வேண்டாம்.