போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஸ்டாண்ட்பை சர்வரை (நகல் சர்வரை) நீக்கின பிறகும் பிஜி_வால் ஃபோல்டர் நிரம்பிக்கிட்டே போகுதா

பழைய ரெப்ளிகேஷன் ஸ்லாட்தான், அதாவது ஸ்டாண்ட்பைக்கு இன்னும் எந்த வால் ஃபைல் எல்லாம் வேணும்னு குறிச்சு வெக்கிற பதிவுதான், காரணமா இருக்கும். ஸ்டாண்ட்பை சர்வரை போன மாசமே நீக்கிட்டேன்னு சொல்றீங்கல்ல, அதோட ஸ்லாட் பிரைமரில (மெயின் சர்வர்ல) அப்படியே கெடக்கும், அது என்னைக்காவது வந்து வாங்கிக்கும்னு போஸ்ட்கிரெஸ் 16 எம்பி 16 எம்பியா ஒவ்வொரு வால் ஃபைலையும் (டேட்டாபேஸ் மாற்றங்களோட லாக்) பிடிச்சு வெச்சிருக்கு.

பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவைப் பாருங்க. ஆக்டிவ்ங்கிற இடத்துல எஃப்னு (ஃபால்ஸ்) இருந்து, ரீஸ்டார்ட்_எல்எஸ்என், அதாவது ஸ்லாட் எந்த இடத்துலேர்ந்து வாலைப் பிடிச்சு வெச்சிருக்குங்கிறது, நகராம நின்னா அதேதான். பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் குடுத்து ஒரு செக்பாயிண்ட் கமாண்ட் (மெமரில இருக்கிற மாற்றங்களை டிஸ்க்ல எழுதுறது) ஓட்டுங்க, ஃபோல்டர் தானா இளைக்கும்.

தயவுசெஞ்சு ஃபைலை கையால டெலீட் பண்ணிடாதீங்க, டேட்டாபேஸே எழும்பாம போயிடலாம். அந்த ஸ்டாண்ட்பை திரும்ப வேணும்னா டிராப் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க, பேஸ்பேக்கப் (பிரைமரியோட முழு நகல்) எடுத்து புதுசா கட்ட வேண்டி வரும். வெர்ஷன் 13 இல்ல அதுக்கு மேலன்னா ஸ்லாட் எவ்வளவு வால் பிடிச்சு வெக்கலாம்னு சொல்ற மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் செட் பண்ணுங்க, டிஃபால்ட் -1, அதாவது லிமிட்டே கிடையாது.