பரத்பூரில் மிதிவண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பரில் கணவருடன் ஆக்ரா செல்கிறேன். அங்கிருந்து பரத்பூர் பறவைகள் சரணாலயத்திற்குப் போய், மிதிவண்டியிலேயே சுற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு 58 வயது. மிதிவண்டியைத் தொட்டே இருபது ஆண்டுகள் ஆகின்றன. முடியுமா? (வாசகி, சேலம்)

பதில்: தாராளமாக முடியும். ஆக்ராவிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவில், ஃபதேபூர் சிக்ரியைத் தாண்டியதும் வருகிற இந்தக் கேவலாதேவ் தேசியப் பூங்காவில், மூச்சு வாங்க வைக்கும் மேடு ஒன்றுகூடக் கிடையாது. நுழைவாயிலில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். கியர் இல்லாத சாதாரண வண்டியே போதும். ஆனால் பிரேக்கையும் இருக்கையின் உயரத்தையும் அங்கேயே சரிபார்த்து, நாலு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

வாயிலிலிருந்து பூங்காவின் நடுவில் இருக்கும் கேவலாதேவ் சிவன் கோயில் வரை ஒரே தார்ச்சாலைதான். ஏறத்தாழ 5 கி.மீ. இருக்கும். தொடக்கத்தில் இருபுறமும் புதரும் முள்மரமுமாக வறண்ட நிலமே தெரிவதால், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். பொறுத்திருக்கச் சொல்லுங்கள். சபன் மோரி என்ற இடத்தின் பக்கம் வந்ததும் சாலை ஏரிக்கரையைப் போல உயர்ந்து நிற்க, இரு பக்கமும் நீர் விரியும். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருப்பதை, வண்டியை விட்டு இறங்காமலேயே பார்க்கலாம். தார்ச்சாலையை விட்டுப் பிரியும் மண்பாதைகள் இன்னும் அழகானவை, ஆள் நடமாட்டமும் குறைவு. ஆயினும் கருவேல முள் டயரைப் பதம் பார்த்துவிடும் என்பதால், நீண்ட நாள் கழித்து ஓட்டுகிற நீங்கள் தார்ச்சாலையோடு நின்றுகொள்வதே நல்லது.

கோயிலருகே ஒரு கல்வெட்டு உண்டு, அவசியம் படியுங்கள். எந்த நாளில், யாருக்காக நடந்த வேட்டையில், எத்தனை துப்பாக்கிகள் எத்தனை பறவைகளை வீழ்த்தின என்ற கணக்கு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. நீங்கள் சவாரி செய்கிற கரைகளும் மதகுகளும் இத்தகைய வேட்டைகளுக்கு வாத்துகளை வரவழைப்பதற்காகவே அமைக்கப்பட்டவை.

கேள்வி: வரைபடத்தில் கம்பீர், பாணகங்கை என இரண்டு ஆறுகள் தெரிகின்றன. பாதை ஆற்றோரமாகவா செல்கிறது? (வாசகர், காரைக்குடி)

பதில்: இல்லை, ஆறு உங்கள் கண்ணில் படாது, ஆற்று நீர்தான் படும். இரண்டு ஆறுகளும் கூடுகிற பகுதியில் இயற்கையாகவே ஒரு தாழ்நிலம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ் மல், அஜான் அணையைக் கட்டி வெள்ளநீரைத் தேக்கியதால் அந்தத் தாழ்நிலம் சதுப்பாக நிலைத்தது. இன்றும் மழைக்காலத்தில் மதகு வழியாக நீரை விட்டு, கரைகளால் பிரிக்கப்பட்ட பாத்திகளை ஒவ்வொன்றாக நிரப்புகிறார்கள். மேலே கம்பீர் ஆற்றில் பாஞ்சனா அணை வந்தபின் அந்த நீர் குறைந்துபோனது. இப்போது கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் நீர்க்குழாயிலிருந்தும் ஈடுகட்டுகிறார்கள். 1985இல் உலகப் பாரம்பரியக் களமான இவ்விடம், அடுத்த ஐந்தே ஆண்டுகளில், ஆபத்திலிருக்கும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டிலும் ஏறிவிட்டது. ஆகவே, மழை பொய்த்த ஆண்டென்றால் எவ்வளவு நீர் விடப்பட்டிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுப்பதே புத்திசாலித்தனம்.

நீரைப் போலவே புல்லுக்கும் இங்கே ஒரு கதை உண்டு. 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டபோது, பரம்பரையாக எருமை மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தனர். மோதலில் உயிர்கள் பலியாயின. எருமைகள் போனதும் நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. எருமைகள் அந்தப் புல்லை மட்டுப்படுத்தி வந்திருக்கின்றன என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு காட்டியது. பரத்பூரைப் பற்றிப் பேசுவோர் பறவைகளின் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்த எருமைகளையும் சேர்த்துச் சொல்லாமல் தீராது.

கேள்வி: எந்த மாதம் நல்லது? சைபீரியக் கொக்கைப் பார்க்க முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் நாரைகளின் கூடுகளைப் பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊசிவால் வாத்து, பட்டைத்தலை வாத்து முதலிய வலசைப் பறவைகள் வந்து குவியும். டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனி முன்சக்கரத்தையே மறைத்துவிடுவதுண்டு. பனி விலகியபின் புறப்பட்டால் போதும். அப்போது இளவெயிலில் குளிர்காய மலைப்பாம்புகளும் வளைக்கு வெளியே வந்து கிடக்கும். பாதையில் நின்றே பாருங்கள். சைபீரியக் கொக்கு 2002க்குப் பின் இங்கு வரவில்லை. சாரசக் கொக்குகளை, அதுவும் இணையாகவே, நீங்கள் காணலாம்.

கேள்வி: என் கணவருக்கு முழங்கால் வலி. நான் மட்டும் மிதிவண்டியில் போனால் அவர் என்ன செய்வார்? (வாசகி, திருச்சி)

பதில்: வாயிலிலேயே சைக்கிள் ரிக்‌ஷா அமர்த்திக்கொள்ளட்டும். பூங்காவில் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களில் பலர் பல ஆண்டுகளாகப் பறவைகளைக் காட்டிப் பழகியவர்கள். குரலைக் கேட்டே இன்ன பறவை என்று சொல்லிவிடுவார்கள். ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே நீங்கள் மெல்ல மிதித்துச் சென்றால், ரிக்‌ஷாக்காரர் காட்டுவதை நீங்களும் பார்க்கலாம். மணியை மட்டும் அடிக்காதீர்கள்.