சட்ட ஆலோசனை: அப்டேட்டுக்குப் பிறகு ரீஃபில் மையை மறுக்கும் பிரிண்டர்

கேள்வி: மூன்று வருடமாக ஒரு பிரிண்டர் வைத்திருக்கிறேன். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ்தான் போடுவேன், ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. போன மாதம் ராத்திரியோடு ராத்திரியாக அதுவே அப்டேட் ஆகிவிட்டது. காலையில் பார்த்தால், பாதி மை இருக்கும் அதே கார்ட்ரிட்ஜை 'அங்கீகரிக்கப்படாதது' என்று காட்டி நின்றுவிட்டது. கம்பெனியில் கேட்டால், "வாரண்டி முடிந்துவிட்டது. அப்டேட்டுக்கு நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள்" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள்மேல் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் வாரண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும். பொருள் பழுதானால் சரிசெய்து தருகிறேன் என்பதுதான் வாரண்டி. உங்கள் பிரிண்டர் பழுதாகவே இல்லை. நேற்றுவரை செய்த வேலையை இன்று செய்யாதபடி, தயாரித்தவரே எங்கிருந்தோ மாற்றிவிட்டார். ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டிய நூல் வேறு: இப்படி ஆகலாம் என்று விற்கும்போதே சொன்னார்களா?

அட்டைப்பெட்டி இன்னும் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில், 'வேறு சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் இயங்காமல் போகலாம், வருங்கால அப்டேட்கள் தடுக்கலாம்' என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? (சிப் என்பது கார்ட்ரிட்ஜ் எது என்று பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சின்ன மின்னணுத் துண்டு.) இருந்தால் உங்கள் வழக்கு மெலிந்துவிடும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அந்தக் காலி அட்டைதான் உங்கள் முதல் சாட்சி.

இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. வேறு மையை ஏற்பதில் உள்ள கட்டுப்பாட்டை வாங்குபவருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2020 டிசம்பரில் இத்தாலியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் எச்.பி. நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் தலையிட்டதால், 2018-இல் அதே நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 50 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ரீஃபில் செய்வதே குற்றம் என்பதுபோல் யாராவது பேசினால் பயப்படாதீர்கள். கார்ட்ரிட்ஜை ஒருமுறை விற்றுவிட்டால் அதன்மீது தயாரித்தவருக்குள்ள காப்புரிமை (பேடன்ட்) அத்தோடு தீர்ந்தது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் சிப் வைத்துத் தடுக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சம்மதம் கொடுத்தீர்களே என்பது பாதி உண்மை. நாற்பது பக்க நிபந்தனைக்குக் கீழே ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் பிரிண்டர் நகராது. நானே ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை. ஒருதலைப்பட்சமான நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாகவே வரையறுத்திருக்கிறது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் என்றால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. வாங்கிய நாளை விட்டுவிட்டு, அப்டேட் வந்த நாளிலிருந்து கணக்கு என்று வாதாடலாம். அதனால் திரையில் வரும் அந்த அறிவிப்பை இப்போதே போட்டோ எடுங்கள். செட்டிங்ஸில் மென்பொருளின் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும், அதையும் எடுங்கள்.

அப்புறம் கம்பெனிக்கு ஒரு பக்கக் கடிதம், மின்னஞ்சலில் போதும். புது பிரிண்டர் கேட்காதீர்கள். பழைய மென்பொருளுக்குத் திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் வீணான மைக்கும் பிரிண்டருக்கும் ஈடு கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். 15 நாள் கெடு வையுங்கள். பதில் வராவிட்டால் தனி வழக்குக்கு முன்னால் உங்கள் நாட்டு நுகர்வோர் ஆணையத்திடம் புகார் கொடுங்கள். ஒரு பிரிண்டருக்காக நீதிமன்றம் ஏறி இறங்கும் செலவு பிரிண்டரைவிடக் கூடிவிடும். இதே மாடல் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

கடிதம் போகும்வரை அந்த கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடாதீர்கள். பாதி மை இருக்கிறதல்லவா, அதுவும் சாட்சிதான்.