நீண்ட இடைவெளியும் ஆட்குறைப்பும் ஓர் அணியையும் வேலையாட்களையும் எப்படிப் பாதிக்கும்?

மட்டக்களப்பில் ஒரு கார்மென்ட்ஸில் லைன் சுப்பர்வைசராக இருக்கிறேன். பின்னேரங்களில் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் பொடியன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இடைவெளியையும் ஆட்குறைப்பையும் பலர் ஒன்றாகப் பார்க்கிறார்கள். என் கணக்கில் இடைவெளி ஆளைத்தான் தளர்த்தும். ஆட்குறைப்பு ஆட்களுக்கு நடுவில் இருக்கும் பிணைப்பையே அறுத்துவிடும்.

இடைவெளி எங்களுக்குப் புதிதில்லை. மாரி தொடங்கினால் கிரவுண்டில் தண்ணீர் நிற்கும், தை கடந்துதான் ஒழுங்காகப் பந்து உருளும். திரும்பி வருகிறவனுக்குக் கால் பழக்கம் அப்படியே இருக்கும். பந்தை நிறுத்துவான், வெட்டுவான், கொஞ்ச நேரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். ஓட்டம் நின்ற சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் மூச்சுத் தாக்குப்பிடிப்பு நன்றாகவே இறங்கிவிடும். தசைப்பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது, ஆபத்தும் அதில்தான். பலம் இருக்கிறதே என்று முதல் நாளே முழு வேகத்தில் ஓடி, பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

2011இல் அமெரிக்காவின் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் (அது எங்கள் உதைபந்தாட்டம் இல்லை) சம்பளத் தகராறில் உரிமையாளர்கள் வீரர்களை நாலு மாதத்துக்கு மேல் வெளியே நிறுத்தி வைத்தார்கள். முகாம் திறந்த முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. 2020 மே மாதத்தில், கொரோனாவுக்குப் பிறகு உதைபந்தாட்டம் திரும்பத் தொடங்கியபோது, மூன்று மாற்று வீரர்களுக்குப் பதில் ஐந்து பேரை இறக்கலாம் என்று விதியைத் தளர்த்தியதும் இந்தப் பயத்தில்தான். அந்த விதி பிறகு நிரந்தரமாகவே நின்றுவிட்டது.

வேலையிலும் இடைவெளி அப்படித்தான். நீண்ட லீவு முடிந்து வரும் பிள்ளைக்குக் கொலர் வைக்கும் கை மறக்காது, வேகம்தான் குறைந்திருக்கும். முதல் வாரத்திலேயே பழைய டாகெட்டை, அதாவது தைத்து முடிக்க வேண்டிய எண்ணிக்கையை, கேட்காவிட்டால் தானாகவே வந்துவிடும்.

ஆட்குறைப்பு வந்தால் கதை வேறு. முன்பு ஒரு துண்டு கோணலாக வந்தால், "அக்கா, இதைப் பாருங்க" என்று முந்திய மெஷினுக்கே திருப்பிக் கொடுப்பார்கள். சிலரை நிறுத்திய பிறகு அந்தச் சத்தமே இல்லை. தவறைச் சொன்னால் அடுத்து யார் வீட்டுக்குப் போவது என்ற பயம். கோணல் துண்டின் மேலேயே தைத்து அனுப்புவார்கள், கடைசிச் செக்கிங்கில் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்களும் கூடிவிடுவார்கள். அப்புறம் ஓர்டர் வந்து பழைய ஆட்களைக் கூப்பிட்டால், கெட்டிக்காரிகள் பாதிப்பேர் கட்டாரிலோ குவைத்திலோ இருப்பார்கள். மனேஜ்மென்ட் கணக்கில் மிச்சமான சம்பளம் தெரியும், இது தெரியாது.

கழகத்திலும் வெளிநாடு போனவனின் இடம் இப்படித்தான் உறுத்தும். எங்கள் இடது விங்கர் இன்னமும் பார்க்காமலே குறுக்கே தட்டுகிறான். அங்கே ஓடிவர வேண்டியவன் இப்போது டோஹாவில். புதியவன் இரண்டு அடி பின்னால் நிற்கிறான், பந்து கோட்டைத் தாண்டிப் போகிறது.

வேலை போனவர்களுக்கு ஒன்று. இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். தற்காலிகமாக நிறுத்துவதும் இதில் அடங்கும். ஆகவே நீட்டுகிற தாளில் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்துப் பாருங்கள், தொழில் அலுவலகத்தில் போய் ஒருமுறை கேளுங்கள்.