இலெவன் பிளஸ் பாஸ் பண்ணினால் இடம் நிச்சயமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் இப்போது வருடம் 4, வீடு லண்டன் ஹரோவில். இலெவன் பிளஸ் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு இடைநிலைப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளுக்காக, ஸ்லோ, பக்கிங்ஹாம்ஷயர், பார்னெட் மூன்றுக்கும் சேர்த்து ரியூசன் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பள்ளியின் இணையத்தளத்திலும் சேர்க்கை விதிகள் இருக்கும். இடத்தைவிட விண்ணப்பங்கள் கூடினால் யாரை முதலில் எடுப்பார்கள் என்ற வரிசையை அதில் தேடி வாசியுங்கள். எந்தப் பள்ளிக்காக மகன் பாடுபடுவதில் பிரயோசனம் இருக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.

இலங்கையில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய நமக்கு வெட்டுப்புள்ளி ஒன்றுதான் மனதில் நிற்கும். இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு கணக்கு. பார்னெட்டிலுள்ள குயின் எலிசபெத் ஆண்கள் பள்ளி நெடுங்காலமாக மதிப்பெண் வரிசைப்படியே பிள்ளைகளை எடுத்து வருகிறது. அதனால் வெகு தூரத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து எழுதுகிறார்கள், போட்டியும் கடுமை. கென்ட் மாவட்டத்து டன்பிரிட்ஜிலுள்ள ஜட் பள்ளி முதலில் உள்வட்டம், வெளிவட்டம் என்று ஊர்களைப் பிரித்து, பிறகு அந்தந்த வட்டத்துக்குள் மதிப்பெண் பார்க்கிறது.

பக்கிங்ஹாம்ஷயரில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே தகுதி மதிப்பெண் 121. அதை எட்டிய பிறகு, பெரும்பாலான பள்ளிகளில் மதிப்பெண்ணுக்கு வேலையில்லை. பள்ளி வகுத்த சேர்க்கை எல்லைக்குள் வீடு இருக்கிறதா, எவ்வளவு தூரம் என்றுதான் பார்ப்பார்கள். அமர்ஷமில் இருக்கும் பிள்ளை 121 எடுத்து, உங்கள் மகன் 135 எடுத்தாலும், அமர்ஷம் பள்ளியில் முன்னுரிமை அந்தப் பிள்ளைக்குத்தான். "தகுதி பெற்றார்" என்ற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மார்ச் மாதம் இடம் இல்லை என்று கேட்டு உடைந்துபோகும் குடும்பங்கள் உண்டு. பிள்ளை தோற்கவில்லை, வீடு தூரம், அவ்வளவுதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அதைப் புரியவைப்பது லேசான காரியமில்லை. ஸ்லோவின் நான்கு கிராமர் பள்ளிகளுக்கும் தகுதி மதிப்பெண் 111. அதற்குப் பிறகு நான்குக்கும் தனித்தனி வரிசை, நான்கையும் வாசியுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அரசுப் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளுக்கு அடுத்து, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இப்போது நிறைய கிராமர் பள்ளிகள் முன்னுரிமை கொடுக்கின்றன. சிலவற்றில் அவர்களுக்குத் தகுதி மதிப்பெண்ணே குறைவு. வருமானத்தின் பேரில் பிள்ளைக்கு இலவச மதிய உணவு பதிவாகியிருக்கிறதா என்பதுதான் இதற்கு அடையாளம். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம் என்பதால், உரிமையுள்ள பெற்றோர் பலர் தனியாக விண்ணப்பிப்பதே இல்லை. உங்கள் வருமானம் அந்த எல்லைக்குள் வந்தால் இந்த வாரமே கவுன்சிலில் விண்ணப்பியுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மகன் ஆகஸ்டில் பிறந்தவன் என்று கவலைப்படாதீர்கள். பெரும்பாலான தேர்வுகளில் வயதைச் சேர்த்தே மதிப்பெண் கணக்கிடுகிறார்கள்.

எல்லைக்குள் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்து முகவரி காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடும்பம் உண்மையாகவே குடிபோனால் சரி. ஹரோ வீட்டை வைத்துக்கொண்டு பெயருக்கு ஒரு முகவரி கொடுத்தால், கவுன்சில் வரிப் பதிவிலேயே பிடிபடலாம். பொய் முகவரியில் பெற்ற இடத்தை, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் பறிக்க விதி இடம் தருகிறது.

விண்ணப்பம் இரண்டு என்பதை மறக்க வேண்டாம். தேர்வுக்கான பதிவு வேறு. அது வருடம் 5 கோடையிலேயே மூடிவிடும், பள்ளிக்குப் பள்ளி தேதி மாறும். கவுன்சிலின் பொது விண்ணப்பம் வேறு, அதற்குக் கடைசி நாள் அக்டோபர் 31. அதற்கு முன்பே பொதுவாகத் தேர்வு முடிவு கைக்கு வந்துவிடும், பார்த்துவிட்டே நிரப்பலாம். லண்டனில் ஆறு பள்ளிகள் போடலாம். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளி முடிவெடுக்க முடியாது. உங்களுக்கு இடம் தரக்கூடிய பள்ளிகளில் மேலே இருப்பது எதுவோ அதுதான் கிடைக்கும். ஆகவே உண்மையில் விரும்பும் வரிசையிலேயே போடுங்கள். ஆறில் ஒன்றாவது ஹரோவில் உங்கள் வீட்டுக்கு நிச்சயம் கிடைக்கக்கூடிய சாதாரணப் பள்ளியாக இருக்கட்டும். ஆறையும் கிராமராகப் போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால், மற்றவர்கள் எடுத்து மிஞ்சிய இடத்தைத்தான் கவுன்சில் தரும்.

இடங்கள் அறிவிக்கப்படும் மார்ச் 1 அன்று விரும்பிய இடம் வராவிட்டால், வந்த இடத்தை ஏற்றுக்கொண்டே காத்திருப்போர் பட்டியலிலும் பெயரைக் கொடுங்கள். ஏற்றுக்கொண்டதால் பட்டியலில் உங்கள் இடம் பாதிக்கப்படாது. அந்தப் பட்டியலும் முதலில் வந்தவருக்கு முதல் என்று ஓடுவதில்லை, அதே சேர்க்கை விதிப்படிதான். புதிதாக ஒரு பிள்ளை உங்களுக்கு மேலே வரலாம், மேலே இருந்தவர்கள் விலகவும் செய்யலாம். குறைந்தது டிசம்பர் 31 வரை பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்பது விதி, எனவே செப்டம்பரில் பள்ளி தொடங்கிய பிறகும் கேட்டுப் பாருங்கள்.