கேள்வியைக் கந்தோரிலும் கேட்கட்டும்

ஐயா, வணக்கம். நான் தருமபுரத்தில் இருக்கிறேன். போன கிழமையும் கம்பஸில் இருந்து இரண்டு பிள்ளைகள் படிவத்தோடு வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், யுத்தத்தில் யாரை இழந்தீர்கள், வருமானம் என்ன, கடன் இருக்கிறதா? மீள்குடியேறிய நாளில் இருந்து இதற்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். எழுதிக்கொண்டு போன ஒருவரும் திரும்பி வந்து, இதுதான் கண்டோம் என்று சொன்னதில்லை. இனி யாராவது வந்தால் படலையைத் திறக்கத்தான் வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. உங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களிடமே கேட்கிறார்கள். ஏன் அப்படி நடந்தது என்பதற்கான பதில் கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் கோப்புகளில் கிடக்கிறது. அரசின் கொள்கையை ஆராய்கிறவர் முதலில் போகவேண்டிய இடம் அது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கும்போது தயங்க என்ன இருக்கிறது?

ஒரு விசயத்தைப் பாருங்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசில் வீடு முடியாமல் நகையை அடகு வைத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் நம்மிடையே எத்தனையோ பேர். பிறகு 2023இல் வறிய குடும்பங்களுக்கு அரசு காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் வந்தது. அதற்கு ஆட்களைத் தெரிவுசெய்யும்போது வீட்டின் நிலையையும் பார்த்தார்கள். அப்படியானால் கடன்பட்டு எழுப்பிய கல்வீடே சிலருக்கு உதவி கிடைக்காமல் செய்ததா? வன்னியில் ஆராய இதைவிட முக்கியமான கேள்வி வேறென்ன? இதற்கு உங்கள் பதிலும் வேண்டும், கந்தோரின் பதிலும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஆய்வு.

ஆனாலும் படலையைப் பூட்டிவிடாதீர்கள். நுண்கடன் கதை நினைவிருக்கும். கடன் கொடுத்த கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று காசு கேட்டதை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் அதைத் தொடர்ந்து எழுதினார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அது போதாது, சரி. ஆனால் வாய் திறந்து சொன்ன பெண்கள் இல்லாமல் அதுவும் வந்திராது.

இன்னொரு குறையும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானபோது அதில் இருந்தவை பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை என்ற பீடங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயமும் பொறியியலும் படிப்பிக்கிறார்கள். நல்லது, அவையும் தேவை. ஆனால் காணி, கடன், மீள்குடியேற்றம் என்று அரசின் ஒவ்வொரு முடிவும் இறங்கிய மண்ணில் அரசியலையும் சமூகத்தையும் படிப்பிக்கும் பீடம் ஒன்று வேண்டாமா? அது இங்கே இருந்தால், ஆய்வு செய்தவரை அடுத்த சந்தையிலேயே மறித்துக் கேட்கலாம்.

அடுத்து வருகிற பிள்ளைகளை இருத்தித் தேத்தண்ணி கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: கச்சேரிக்குப் போனீர்களா? முடிவைத் தமிழில் எழுதி எங்கள் மாதர் சங்கத்தில் வந்து வாசிப்பீர்களா? உங்கள் விரிவுரையாளரின் தொலைபேசி இலக்கம் என்ன? பதில் சொல்லாதவர்களுக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டியதில்லை. போன கிழமை வந்த பிள்ளைகளின் அறிக்கை கைக்கு வந்தால் எனக்கும் அனுப்புங்கள், வாசித்து இங்கேயே எழுதுகிறேன்.

அன்புடன்.