தொப்புள் கட்டி முதல் வெட்டி எறிந்த கட்டி வரை: வாசகர் கேள்விகள்

கே: அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம். தொப்புளில் கடலை அளவுக் கட்டி, வலி இல்லை. ஹெர்னியாவா?

ப: ஹெர்னியா பெரும்பாலும் படுத்தால் உள்ளே போகும், இருமினால் பிதுங்கும். கல் மாதிரி கெட்டியாக, அழுத்தியும் உள்ளே போகாமல் இருந்தால் சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சாக, அதாவது வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் தொப்புளுக்குப் பரவிய கட்டியாக இருக்கலாம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் உதவிய கன்னியாஸ்திரி அவர். நோயாளியின் வயிற்றைத் துடைக்கும்போதே இந்தக் கட்டியைக் கவனித்துச் சொன்னவர். இந்த வாரமே காட்டி, சதை டெஸ்ட் எடுங்கள்.

கே: கட்டியின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். புற்றுநோயா, இல்லையா?

ப: வயது இல்லை, எத்தனை நாளாக என்பது இல்லை, பழைய நோய் விவரம் இல்லை. கட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் நேரில் போங்கள்.

கே: அம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு வயிற்றுப் புற்றுநோய். முதுகில் ஒரே மாதத்தில் வந்த கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று ஒரு கிளினிக்கில் எடுத்தார்கள். லேபுக்கு அனுப்பவில்லை. இப்போது பக்கத்தில் இன்னும் இரண்டு.

ப: படித்ததும் கோபம்தான் வந்தது. வெட்டி எடுத்தது எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்று எத்தனை முறை எழுதுவது? கொழுப்புக் கட்டி மிருதுவாக இருக்கும், விரலுக்கடியில் நழுவும், வருடக்கணக்கில் மெல்ல வளரும். சில வாரங்களில் முளைத்து, தோலோடு ஒட்டி, கெட்டியாக இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அந்தச் சதையில் சிக்னெட் ரிங் செல்கள் (மோதிரம் போலத் தெரியும் புற்றணுக்கள்) இருந்தனவா? ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருந்ததா, அதாவது ஹெர்2 பாசிட்டிவா? பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைப் பற்றி யோசித்திருக்கலாம். எல்லாம் அன்றே போய்விட்டது. சரி, இப்போது இருப்பதில் ஒன்றிலிருந்து 4 மி.மீ. பஞ்ச் பயாப்சி (சிறு வட்டக் கத்தியால் எடுக்கும் சதை டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்கள். அகன்ற வாய் பாட்டிலில், சதையைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) இருக்க வேண்டும். தண்ணீரோ சலைனோ கூடாது. லேப் படிவத்தில் ‘பழைய இரைப்பைப் புற்றுநோய்’ என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முதல் புற்றுநோயின் சதையை மெழுகில் பதித்து வைத்த ப்ளாக், அதிலிருந்து எடுத்த கண்ணாடி ஸ்லைடுகளையும் கொண்டுபோங்கள்.

கே: வயிற்றுத் தோல் சிவந்து தடித்திருக்கிறது. ஆன்டிபயாடிக் இரண்டு கோர்ஸ் முடித்தும் குறையவில்லை. முன்பு இரைப்பையில் புற்றுநோய் இருந்தது.

ப: மூன்றாவது கோர்ஸ் வேண்டாம். தோலின் நிணநீர்க் குழாய்களில் புற்றணுக்கள் அடைத்துக்கொண்டாலும் இப்படித்தான் சிவக்கும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. பயாப்சி, உடனே.

கே: கழுத்து, அக்குள் கறுத்துத் தடிப்பதும் பரவல்தானா?

ப: இல்லை. பெரும்பாலும் உடல் எடை, சர்க்கரை சம்பந்தப்பட்டது. ஆனால் நடுவயதுக்குமேல், எடை குறைந்துகொண்டே வருபவருக்குத் திடீரென வந்து, உள்ளங்கையும் தடித்தால் இரைப்பைக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம்; எண்டோஸ்கோப்பி செய்யுங்கள்.

கே: தோலில் வந்த கட்டியைத் தொட்டால் ஒட்டுமா?

ப: ஒட்டாது. தாராளமாகத் தொட்டுக் குளிப்பாட்டுங்கள்.